கப்பல் ஏறாதவர்கள்

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்த வரையில் இதுதான். உங்கள் தாத்தா 1965-ல் ரங்கூனிலிருந்து கப்பலேறி மெட்ராஸ் வந்துவிட்டார், அவருடைய அக்கா குடும்பம் மட்டும் பெகு பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்திலேயே இருந்துவிட்டது, பிற்பாடு தொடர்பும் விட்டுப்போனது. இந்தியர்களை எல்லாம் துரத்திய நாட்டில் அவர்கள் மட்டும் ஏன் இருந்தார்கள், அந்த மண் மேல் அப்படி என்ன பாசம், இன்றைக்கு அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தமிழர்களா பர்மாக்காரர்களா என்று கேட்கிறீர்கள். நான் பிறந்து வளர்ந்தது பெகு பக்கம், இப்போது இருப்பது ரங்கூனில் (யாங்கூன் என்றுதான் எழுத வேண்டும், எங்கள் வீடுகளில் இன்னும் யாரும் அப்படிச் சொல்வதில்லை). அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பாசத்தை முதலில் ஓரமாக வையுங்கள். போனவரையும் இருந்தவரையும் பிரித்தது அவரவர் கையில் என்ன இருந்தது என்பதுதான். கடை வைத்திருந்தவர் போனார், ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர் போனார், கடையில் சம்பளத்துக்கு நின்ற பையனும் முதலாளியோடு போனான். சேற்றில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் ஊரில் வயதான அம்மாக்கள் யாரிடம் கேட்டாலும், "எடுத்துக்கிட்டுப் போறதுக்கு எங்ககிட்ட என்னய்யா இருந்துச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

தமிழ்நாட்டில் பலர் நினைப்பதுபோல ராணுவம் வீடுவீடாக வந்து இந்தியர்களை இழுத்துக்கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றவில்லை. 1962 மார்ச் 2-ம் தேதி ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963 பிப்ரவரியில் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது, 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் மேல் கை வைத்தது. காலையில் கடை திறக்கப் போனவர் வாசலில் அதிகாரியைப் பார்த்தார், சாவியைக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார், வீட்டுக்குத் திரும்பினார். அதே கடை மக்கள் கடை என்று நம்பர் போட்ட பலகையோடு மறுபடி திறந்தது, உள்ளேதான் சரக்கு இல்லை. அந்த வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டியில் ஒளித்து வைத்ததும் போச்சு. ஆக, வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை, உள்ளே இருந்து பிழைக்க வழி இல்லாமல் செய்தார்கள். இந்திய அரசு கப்பலுக்கு ஏற்பாடு செய்தது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் அந்த வருஷங்களில் கிளம்பினார்கள் என்று கணக்குச் சொல்வார்கள். துறைமுகத்தில் நகையைப் பிடுங்கியது, தாலிக்கொடியைத் தடவிப் பார்த்தது எல்லாம் உங்கள் தாத்தாவே சொல்லியிருப்பார்.

இந்த அடி முழுக்க நகரத்தில் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். கிராமத்தில் நெல் அறுத்தவரிடமோ ரப்பர் மரத்தில் பால் எடுத்தவரிடமோ மாடு வைத்துப் பால் ஊற்றியவரிடமோ அரசு பறிக்க ஒன்றுமே இல்லை. நூறு கியாட் நோட்டை அவர்கள் கண்ணால் பார்த்ததே அபூர்வம். வயலில் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெல்லை அரசு சொன்ன விலைக்கு அரசுக்கே போட வேண்டும் என்ற கொடுமை இருந்தது, ஆனால் அது பக்கத்து வீட்டுப் பர்மியருக்கும் இருந்தது. சரி, கப்பல்தான் வருகிறதே, ஏறிவிடலாமே என்றால், அதற்கு ரங்கூன் போய்த் தங்கி, வெளியேற அனுமதிக்கு அலைந்து, காகிதம் காட்டி, முறை வரும் வரை காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் கூலி போனால் வீட்டில் உலை ஏறாது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கம் போய் இறங்கினால் யார் வீட்டில் இறங்குவது? செட்டிநாட்டுக்காரருக்குக் காரைக்குடியில் வீடு இருந்தது. இவர்களுடைய அப்பா, தாத்தா கிளம்பியபோதே ஊரில் காணி நிலம்கூட இல்லாதவர்கள், பலருக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான் ஞாபகம்.

எங்கள் ஆட்கள் மலேயாவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போனவர்களைப் போல ஒப்பந்தக் கூலியாக வரவில்லை. அங்கெல்லாம் கப்பல் பட்டியல், நம்பர், ஒப்பந்தத் தாள் என்று ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கிறது, கொள்ளுப்பேரன் ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேடலாம். பர்மா 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். நாகப்பட்டினத்திலோ மெட்ராசிலோ கப்பல் மேல்தட்டில் இடம் பிடித்தால் போதும், பாஸ்போர்ட் கேட்க ஆள் இல்லை. மேஸ்திரி ஊரில் முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார், அறுவடை முடிந்ததும் பாதிப் பேர் திரும்புவார்கள், மறு வருஷம் வருவார்கள். ஒரே நாட்டுக்குள் போய்வருவதாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சம் இந்தியர், ரங்கூன் நகரத்தில் சுமார் நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். இவ்வளவு பேர் வந்ததற்கான காகிதம் எங்கே என்று தேடினால் தனி ஆளுக்கு ஒன்றும் கிடைக்காது. இது அப்போது வசதியாக இருந்தது, 1948-க்கு அப்புறம் இதுவே கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

செட்டியார் கதையைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பர்மாத் தமிழர் என்றாலே தமிழ்நாட்டில் காரைக்குடி வீட்டுத் தேக்குத் தூண்தான் ஞாபகம் வருகிறது. அவர்கள் பங்கு பெரியது, மறுக்கவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சல் அவர்கள் கொடுத்த கடனில்தான் பெருகியது. 1930-ல் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் அவர்கள் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1937-ல் 25 சதவீதம் ஆனது. அவர்கள் கேட்டது பணம், வந்தது மண். பர்மிய விவசாயியின் கோபம் அங்கே பற்றிக்கொண்டது, நியாயமான கோபம்தான் என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கோபம் விழுந்தது யார் தலையில்? 1930-லும் 1938-லும் ரங்கூன் கலவரங்களில் அடிபட்டுச் செத்தவர்களில் பெரும்பாலோர் துறைமுகக் கூலிகளும் தெருக்கடைக்காரர்களும். சுதந்திரத்துக்குப் பிறகு நிலத்தை எல்லாம் தேசியமயமாக்கினார்கள், செட்டியார்கள் கணக்குப் புத்தகத்தோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் விட்டுப்போனதில் முருகன் கோயில்கள் நிற்கின்றன. ரங்கூனில் பர்மியர்கள் இன்னும் விரும்பிச் சாப்பிடும் "செட்டி தமின்" என்கிற குழம்புச்சோறும் இருக்கிறது. அதை இன்று சமைப்பவர்களில் செட்டியார் ஒருவர்கூட இருக்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

1942-ஐச் சொல்லாமல் 1964 புரியாது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டான். காசு இருந்தவர்கள் கப்பலில் போனார்கள், அதுவும் தீர்ந்தபோது மீதிப் பேர் நடந்தார்கள், அரக்கான் மலை வழியாகவும் தாமு என்ற எல்லை ஊர் வழியாக மணிப்பூருக்கும். நான்கு லட்சத்துக்கு மேல் நடந்திருப்பார்கள் என்று சொல்கிறார்கள். காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். ரங்கூனில் ஜோதி பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவே நடந்துதான் இந்தியா சேர்ந்தார், எழுதத் தெரிந்தவர் என்பதால் அவர் பட்டது பதிவாகியிருக்கிறது. அந்த நடையில் கிராமத்து ஆட்கள் நிறையப் பேர் சேரவில்லை, அல்லது பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். போரில் தாங்கி நின்றவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள்: போனவர் எல்லாரும் திரும்ப முடியவில்லை. 1941-லேயே இந்தியர் வருவதைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டாயிற்று, 1947-ல் குடிவரவுச் சட்டம் வந்தது. ஒருதரம் கடலைத் தாண்டினால் கதவு சாத்திவிடும் என்று அப்போதே தெரிந்துபோனது. ஆகவே 1964-ல் உங்கள் தாத்தாவின் அக்கா வீட்டுக்காரர் யோசித்தது நாட்டுப்பற்று பற்றி அல்ல என்று தைரியமாகச் சொல்வேன். இருக்கிற வேலையை விட்டுப்போய் அங்கே கிடைக்காவிட்டால் திரும்பி வர முடியுமா என்று யோசித்திருப்பார். முடியாது என்று அவருக்குத் தெரியும்.

போனவர்களிடமிருந்து வந்த செய்தியும் ஊக்கமாக இல்லை. முகாம், சின்னக் கடன், வியாசர்பாடியிலும் திருச்சியிலும் மதுரையிலும் பர்மா காலனி, அங்கே அக்கம்பக்கம் இவர்களை அகதி என்றது. 1969-ல் மெட்ராஸ் கடற்கரைச் சாலையில் பர்மா பஜார் வந்த பிறகு கொஞ்சம் பேர் தலை நிமிர்ந்தார்கள், இன்றைக்குச் சென்னைக்காரர்கள் அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிடுவது அவர்கள் புண்ணியத்தில். ஆனால் அந்தப் பிழைப்பு பிடிக்காமல், பர்மாவுக்கே நடந்து திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வழியாகப் போனவர்களும் உண்டு. பர்மா அவர்களை உள்ளே விடவில்லை. எல்லையில் மோரே என்ற இடத்தில் உட்கார்ந்தார்கள், அங்கேயே ஊர் ஆனது, அங்காளபரமேஸ்வரிக்கும் முனீஸ்வரனுக்கும் கோயில் ஆனது, தாமுவுக்கும் மோரேவுக்கும் நடுவில் வியாபாரம் ஆனது. மோரேத் தமிழர்களைப் பற்றித் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் எழுதும்போது எல்லையில் இட்லி கிடைக்கிறது என்ற ஆச்சரியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், எனக்கு எரிச்சலாக வரும். இந்தியக் குடிமகன் ஆன பிறகும், இந்தியா பிடிக்காமல் இல்லை, பிழைக்க முடியாமல், துரத்திய நாட்டுக்கே கால்நடையாகத் திரும்பப் பார்த்தார்கள் என்றால் யார் எந்த நாட்டுக்காரர் என்று நீங்களே சொல்லுங்கள். 2023 மே மாதம் மணிப்பூர்க் கலவரத்தில் மோரேவில் தமிழர் வீடுகளும் எரிந்தன. யாருடைய சண்டையிலும் அவர்கள் ஒரு பக்கம் இல்லை.

இனி இருந்துவிட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது, அதாவது 1948 ஜனவரி 4-க்குப் பிறகு, இந்தியர்களுக்குக் குடியுரிமை கேட்க ஒரு வாசல் திறந்தேதான் இருந்தது. அதற்கு முந்திய பத்து வருஷத்தில் எட்டு வருஷம் இங்கே இருந்ததைக் காட்டி, இங்கேயே இருப்பேன் என்று எழுதிக்கொடுத்தால் போதும். படித்தவர்கள் பலர் இந்தியாவை விட மனமில்லாமல் விண்ணப்பிக்கவில்லை. படிக்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, தெரிந்தாலும் எட்டு வருஷத்தை எதை வைத்துக் காட்டுவது? மேஸ்திரி வாயால் சொன்ன கணக்குக்கு ரசீது கிடையாது. அப்படி விட்டவர்கள் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழ் வாங்கினார்கள், எஃப்.ஆர்.சி. என்பது எங்கள் வாயில் எப்பார்சி. அதைக் காசு கட்டிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும். பிறந்ததிலிருந்து கிராமத்தைத் தாண்டாத கிழவர் சட்டப்படி வெளிநாட்டவர்.

1982 குடியுரிமைச் சட்டம் மூன்று வகை போட்டது. 1823-க்கு முன்பிருந்தே இங்கே குடியிருந்த இனங்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் பிறப்பாலேயே முழுக் குடிமக்கள். 135 இனங்கள் பட்டியலில் இருக்கின்றன, தமிழர் இல்லை. 1823 ஏன் என்றால், முதல் ஆங்கில பர்மியப் போர் 1824-ல் ஆரம்பித்தது, வெள்ளைக்காரனோடு வந்தவர்கள் எல்லாம் வந்தேறிகள் என்று கோடு கிழித்தார்கள். முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை. மூன்றாம் தலைமுறையில் பேரன் முழுக் குடிமகன் ஆகலாம் என்று அதே சட்டம் சொல்கிறது, ஆனால் தாத்தாவின் காகிதத்தைக் காட்ட வேண்டும். மறுபடி காகிதமில்லாத அந்தக் கப்பல் மேல்தட்டுப் பயணம்தான் வந்து நிற்கிறது. அட்டை சரியில்லாத பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கினாலும் டாக்டர் படிப்புக்கும் இன்ஜினியர் படிப்புக்கும் போக முடியாத நிலை வெகுகாலம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பையன்கள் பலர் பத்தாம் வகுப்போடு நின்று டீக்கடை, மெக்கானிக் கடை என்று போனதற்குப் படிப்பில் நாட்டமில்லை என்று சொல்பவர்களும் உண்டு, அட்டை நிறத்தையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

இதனால்தான் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் கணக்குகள் ஒத்துப்போவதே இல்லை. இந்திய அரசின் உயர்மட்டக் குழு 2001-ல் பர்மாவில் சுமார் 25 லட்சம் இந்திய வம்சாவளியினர், கூடவே 4 லட்சம் நாடற்றவர் என்று எழுதியது. 2014 பர்மியக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 0.5 சதவீதம், ஏறக்குறைய இரண்டரை லட்சம். முஸ்லிம், கிறிஸ்தவர், சீக்கியர் எல்லாரையும் சேர்த்தாலும் இடைவெளி அடைபடாது. ஒரு பகுதி அந்த உயர்மட்டக் குழுவின் தாராளம் என்று நினைக்கிறேன். மறுபகுதி, படிவத்தில் மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுதிக்கொள்கிற எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அதில் பொய்யும் இல்லை. வீட்டில் முருகன் படத்துக்கு மேலே புத்தர் இருப்பார், பையனை மொட்டையடித்து ஒரு வாரம் புத்த மடத்தில் சாமணேரராக, அதாவது இளந்துறவியாக, விடுவார்கள், பங்குனியில் அதே பையன் மஞ்சள் துணி கட்டித் தீ மிதிப்பான். இதில் முரண் இருப்பதாக இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தோன்றுகிறது.

பெயரும் அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர். செல்வி பள்ளியில் மா கின் என்று ஏதாவது இருப்பாள். மறைத்துக்கொள்வதற்காக வைத்த பெயர் என்று உருக வேண்டாம், பல பேர் இரண்டு பெயரையும் தங்களுடையது என்றேதான் நினைக்கிறார்கள்.

மொழி விஷயத்தில் நேராகவே சொல்லிவிடுகிறேன். ரங்கூன் நகரத்துப் பிள்ளைகளில் தமிழ் சரளமாகப் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. பிற்பாடு கோயில் மண்டபத்தில் சாயங்காலம் ஒரு ஐயா கரும்பலகையை வைத்துக்கொண்டு அனா ஆவன்னா சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம், பாடப்புத்தகம் கிழிந்ததைத் தைத்துத் தைத்துப் படித்தோம். ஆனால் கிராமங்களில், பெகுவிலிருந்து தட்டோன், மௌல்மீன் வரை போகிற அந்தப் பாதையில், பிள்ளைகள் தெருவில் தமிழில் சண்டை போடுவதை இன்றும் கேட்கலாம். பணக்காரத் தமிழர்கள், பத்திரிகை நடத்தியவர்கள், சங்கம் வைத்தவர்கள் எல்லாரும் போன பிறகு தமிழைக் காப்பாற்றியது கூலிக்காரர்கள் குடும்பம். அவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்துக் காப்பாற்றவில்லை, கிராமத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள், வேறு மொழி பேச ஆள் கிடைக்காத தெருவில் அது தானாக நின்றது. அதனால் எங்களிடம் இருக்கும் தமிழ்ப் பண்பாடு வயக்காட்டுப் பண்பாடு. கர்நாடக சங்கீதமும் பட்டிமன்றமும் இங்கே கிடையாது. அங்காளம்மன், முனியாண்டி, கரகம், அலகு, தீமிதி உண்டு. பீலிக்கான் அங்காளபரமேஸ்வரி கோயில் திருவிழாவுக்கு வந்து பாருங்கள், தமிழர் பாதி, பர்மியரும் சீனரும் பாதி, வேண்டுதல் இருந்தால் யாரும் தீயில் இறங்குவார்கள். அதே அம்மனைக் கப்பல் ஏறியவர்கள் வியாசர்பாடியிலும் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாதி ஒழிந்துவிட்டதா என்று சிலர் ஆர்வமாகக் கேட்பார்கள். ஒழியவில்லை, மங்கிப்போனது. கல்யாணப் பேச்சிலும் கோயில் நிர்வாகத் தகராறிலும் தலைகாட்டும்.

இன்னொரு விஷயத்தை எங்கள் ஆட்கள் வெளியே பேசமாட்டார்கள், நான் சொல்கிறேன். ரங்கூனில் தமிழ் முஸ்லிம்கள் உண்டு, சூலியா மசூதி அவர்களுடையதுதான். ஒரு காலத்தில் தமிழ் இந்துவும் தமிழ் முஸ்லிமும் ஒரே கடைத்தெருவில் ஒரே தமிழில் பேரம் பேசியவர்கள். இந்தியச் சாயல் உள்ள எல்லாரையும் ஒரே வார்த்தையில் "கலா" என்று கூப்பிடும் ஊர் இது. 2013-ல் மெய்க்திலாவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது எங்கள் ஆட்களுக்குத் தாங்களும் அவர்கள் என்று தவறாக எண்ணப்படுவோமோ என்ற பயம் பிடித்தது. அப்புறம் நெற்றியில் விபூதி கொஞ்சம் அழுத்தமாக விழுந்தது, டாக்சியில் பிள்ளையார் பொம்மை பெரிதானது, "நாங்கள் இந்து, அவர்கள் வேறு" என்று சொல்லிக்கொள்வது கூடியது. இன்று இங்கே இந்து அடையாளம் என்று தெரிவதில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் பயமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் இழந்தது தமிழ் என்ற பொதுத் தெரு.

சரி, இப்போதாவது இந்தியா வந்துவிடலாமே என்கிறீர்கள். எப்படி? கடல் கடந்த இந்தியக் குடிமகன் அட்டை, அதுதான் ஓசிஐ, வாங்க முன்னோர் இந்தியர் என்று காட்டக் காகிதம் வேண்டும், அதோடு விண்ணப்பிப்பவர் வேறு ஒரு நாட்டின் குடிமகனாகவும் இருக்க வேண்டும். எப்பார்சி வைத்திருப்பவருக்கு இரண்டுமே இல்லை. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்கிறது, பர்மாவைச் சொல்லவில்லை. 2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்கு அப்புறம் இங்கே வாழ்க்கை எப்படி என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களில் 18 முதல் 35 வயது வரை. இத்தனை வருஷம் வெளிநாட்டவர் என்று அட்டை கொடுத்த அரசுக்கு, துப்பாக்கி தூக்க ஆள் வேண்டும் என்றதும் எங்கள் பையன்கள் சொந்த மக்கள் ஆகிவிட்டார்கள். பையன்கள் கிளம்புகிறார்கள், ஆனால் போவது தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும். எனக்குத் தெரிந்த சில பேர் அங்கே தமிழ் முதலாளிகளின் சாப்பாட்டுக்கடைகளில் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் கற்ற தமிழ் அங்கே வேலை வாங்கிக்கொடுத்தது, ஆனால் கூட வேலை செய்கிறவர்கள் இவர்களைக் கூப்பிடுவது "பர்மாக்காரன்" என்று. இங்கே கலா, அங்கே பர்மாக்காரன். அவர்களிடம் நீ யார் என்று கேட்டால் முதலில் ஊர்ப்பெயரைத்தான் சொல்கிறார்கள், பெகு பக்கம், தட்டோன் பக்கம் என்று. தமிழரா பர்மியரா என்ற உங்கள் கேள்விக்கு நான் கேட்டதிலேயே நேர்மையான பதில் அதுதான், எனக்கும் அதைவிட நல்லதாக ஒன்று தோன்றவில்லை.

உறவைத் தேடுவது பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள், இந்நேரம் பெயர்கள் பர்மியப் பெயர்களாக மாறியிருக்கும். தாத்தாவின் பழைய கடிதங்களில் உள்ள முகவரியை எடுங்கள். அதில் மொகல் தெரு என்று இருந்தால் இப்போது ஷ்வேபொன்தா தெரு, பிரேசர் தெரு என்றால் அனவ்ரத்தா சாலை, டல்ஹவுசி என்றால் மகாபந்துலா. பெகு இப்போது பகோ, புரோம் பியே ஆகிவிட்டது. கிராமத்தின் பெயர் கிடைக்காவிட்டால் ரயில் நிலையத்தின் பெயராவது இருக்கும், அது போதும். அதைவிட முக்கியம் குலதெய்வம் எது, அந்தக் குடும்பம் எந்தக் கோயிலுக்குத் தீ மிதிக்கப் போகும் என்பது. எங்கள் பக்கத்தில் ஆள் தேடுவது கோயில் வழியாகத்தான் நடக்கும். பூசாரிக்கு எந்தக் குடும்பம் எந்த வருஷம் கரகம் எடுத்தது என்பது மனப்பாடம். தாத்தாவும் அக்காவும் சேர்ந்திருக்கும் படம் இருந்தால் அதன் பிரதியை அனுப்புங்கள், பின்பக்கம் இரண்டு பேர் பெயரையும் அவர்கள் அப்பா பெயரையும் தமிழில் எழுதி. ஆள் கிடைத்துப் பேச நேர்ந்தால் போனில் அட்டை பற்றியும் ராணுவம் பற்றியும் எதுவும் கேட்காதீர்கள், கல்யாணம், குழந்தைகள், நெல் விலை என்று பேசுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் லைன் சரியாக இருக்காது, கார்த்திகைக்கு மேல் முயற்சி செய்யலாம்.